கறுப்பு வெள்ளையில் மாமா

புதிதாகக் கேமரா வாங்கியவர்களை மூன்று மாதத்துக்கு வெளியே விடக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். என்னை விட்டார்கள். அதன் பலனைத் தோவாளைப் பூச்சந்தையே அனுபவித்தது.

அப்போது எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். கணவர் மஸ்கட்டில், நான் மாமனார் மாமியாரோடு தோவாளையில். மாமாவுக்குச் சந்தையில் பூக்கடை. எங்களுடையது காதல் கல்யாணம் என்பதால் அவர் என்னிடம் நேராகப் பேச மாட்டார். நான் எதிரிலேயே நின்றாலும் தண்ணீர் வேண்டுமென்று அத்தையிடம்தான் சொல்வார். (அத்தை திரும்பி என்னிடம் சொல்வார். நடுவில் இரண்டடி தூரம்கூட இருக்காது.) அவர் வாயால் ஒரு தடவையாவது என்னைக் கூப்பிட வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே பிடித்திருந்தது.

இந்த நிலைமையில்தான் கறுப்பு வெள்ளையில் முகப்படம் எடுக்கக் கற்றுத்தரும் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். நிறம் கண்ணை ஏமாற்றும், நிழல்தான் ஆளைக் காட்டும் என்றார் வகுப்பெடுத்தவர். பாதி புரியவில்லை, தலையை மட்டும் ஆட்டிவைத்தேன். ஒரே ஜன்னல் வெளிச்சம், பின்னால் கறுப்புத் துணி, சிரிக்காத முகம், இவ்வளவு போதும் என்றார். சிரிக்காத முகம் என்றதும் எனக்கு மாமாவைத் தவிர வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை.

அத்தை வழியாகக் கேட்டேன். அத்தை வழியாகவே சம்மதம் வந்தது. சந்தையிலிருந்து வந்த கையோடு வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி, ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். என் கறுப்புத் துப்பட்டாவைப் பின்னால் கட்டினேன். நாற்பது படம் எடுத்ததில் முப்பத்தொன்பதில் கண்ணை மூடியிருந்தார். (அதில் ஒன்றைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்றுவரை யோசிக்கத் துணிந்ததில்லை.) மிச்சமிருந்த ஒன்றில் ஒரு கன்னம் வெளிச்சத்திலும் மறு கன்னம் இருட்டிலுமாக, பார்த்து நானே அசந்துபோனேன்.

படத்துக்கு ஓரம் கட்டி, பெயர் எழுதி, நாலு பேரிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்பது வீட்டுப்பாடம். கறுப்பில் தடிமனாக ஓரம் கட்டினேன். கீழே ‘சிவதாணு, தோவாளை’ என்று எழுதி மறுநாள் காலையில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். சந்தைக்காரர்களில் பாதிப் பேருடைய எண் என்னிடம் இருந்தது, பூக்களைப் படமெடுத்து அனுப்பிப் பழக்கம். மின்கம்பத்துக்கு மின்கம்பம் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் போய்வருகிறவள் நான். அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை.

அன்று பார்த்து மாமா சந்தைக்குப் போகவில்லை. கடைவாய்ப்பல் பிடுங்க நாகர்கோவில் போயிருந்தார், போனை வீட்டிலேயே வைத்துவிட்டு.

பத்து நிமிடத்தில் கும்பிடும் கைகளாக வந்து குவிந்தன. என் திறமையைத்தான் கும்பிடுகிறார்கள் என்று பூரித்துப்போனேன். ஒருவர் நம்பவே முடியவில்லை என்று எழுதியிருந்தார். எனக்கே நம்ப முடியவில்லை, இதுதான் முதல் முயற்சி என்று அவருக்குப் பதில் போட்டேன்.

பால் வாங்கப் போன அத்தையை நான்கு பெண்கள் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். பல் பிடுங்கப் போன இடத்தில் மாமாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அத்தை கதறினார். யார் சொன்னது என்று கேட்டால் ஊரே சொல்கிறது என்றார்கள். ஊரே சொல்லும்போது நான் மட்டும் எப்படி நம்பாமலிருக்க? பல் டாக்டரின் எண்ணும் யாரிடமும் இல்லை. நானும் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். நடிப்பில்லை, உண்மையான அழுகை. என்னிடம் ஒரு வார்த்தை பேசாமலே போய்விட்டாரே என்று சொல்லிச் சொல்லி அழுதேன்.

அதற்குள் நாகப்பன் மாமா வந்துவிட்டார். மாமாவின் பக்கத்துக் கடைக்காரர், முப்பது வருஷத்துச் சிநேகிதர். கையில் சம்பங்கி மாலை, பின்னால் பத்துப் பதினைந்து வியாபாரிகள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று என்னிடம் கேட்டார். உங்களுக்கு யார் சொன்னது என்று நான் அவரிடம் கேட்டேன்.

"நீதானே மக்கா இன்னைக்குக் காலத்தே ஸ்டேட்டஸ் போட்டிருந்த?"

என் அழுகை நின்றது. அத்தையின் அழுகையும் நின்றது. அது வீட்டுப்பாடம் என்றேன். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அப்படியானால் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று ஒருவர் கேட்டார். இருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன் என்றேன். (அடித்துச் சொல்ல அந்த நேரத்தில் எனக்கே தைரியமில்லை.)

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஒரு கன்னம் வீங்கி, வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு மாமா இறங்கினார். கூட்டத்தையும் மாலையையும் பார்த்ததும் முகம் வெளிறியது. கண்கள் முதலில் அத்தையைத் தேடின. பிறகு என்னைத் தேடின. இரண்டு பேரும் இருக்கிறோம். பிறகு யார்தான் போனது என்று புரியாமல் கையை விரித்தார். யாரோ போனை நீட்டினார்கள். தன் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரணியலில் இருக்கும் அம்மா வீட்டுக்கு எந்த பஸ்ஸைப் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாமா நேரே நாகப்பன் மாமாவிடம் போனார். மாலையை வாங்கினார். ஒரு பூவைக் கிள்ளி முகர்ந்தார். வாயிலிருந்த பஞ்சை எடுத்தார்.

"ஏலே நாகப்பா, இது நேத்துள்ள பூவுல்லா. எனக்குப் போடுகதுக்கு நேத்துள்ள பூவா?"

அவசரத்தில் கைக்குக் கிடைத்தது என்றார் நாகப்பன் மாமா. அவசரமாகப் போனவன் நான், உனக்கென்ன அவசரம் என்றார் மாமா. முப்பது வருஷச் சிநேகிதத்துக்கு வாடிய சம்பங்கியா என்று அரைமணி நேரம் சண்டை நடந்தது. கூட்டமும் இரண்டாகப் பிரிந்துகொண்டது. படத்தைப் போட்ட என்னை எல்லோரும் மறந்தே போனார்கள்.

மூச்சு வாங்கியபோதுதான் மாமா திரும்பினார். அத்தை பக்கத்தில்தான் நின்றார். ஆனாலும் என்னைப் பார்த்தே பேசினார்.

"மக்கா, அந்தப் படத்தை அழிச்சிராத. நல்லாத்தான் இருக்கு, பொறவு ஒருநா வேணும்லா. இப்பம் கலர்ல ஒண்ணு எடுத்துப் போடு, கேட்டியா?"

கேமராவைக் கொண்டுவந்து அங்கேயே எடுத்தேன். வீங்கிய கன்னத்தோடு எடுத்த அந்தப் படத்தில் மாமா சிரித்திருந்தார்.

இப்போதும் எங்கள் வீட்டு விசேஷங்களில் நான் கேமராவை எடுத்தால் அறுபது தாண்டியவர்கள் முதலில் கலரா என்று விசாரித்துக்கொள்கிறார்கள். மாமாவோ தினமும் சந்தைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே என்னைக் கூப்பிட்டுச் சொல்வார்:

"ஸ்டேட்டஸ் போடுகதுக்கு முன்ன ஒரு போன் அடி மக்கா. ஆளு இருக்கேனான்னு கேட்டுட்டுப் போடு."