தொண்ணூறு நாள் வாரண்டியுள்ள பிஸ்டல்

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் சரியாக நாலு பேர். பழைய வொஷிங் மெஷின், உடுப்புக் காயவைக்கும் டிரையர்களைத் திருத்தி விற்கும் அந்தக் கடையின் முதலாளி, டிரையருக்கு ரப்பர் பெல்ட் வாங்க வந்த ஒரு அன்ரி, அங்கே வேலைசெய்யும் பாட்ஸ் அண்ணை, நான். பொலிஸ் கேட்டபோது ஐந்து பேர் என்று சொல்லிவிட்டேன். பதற்றத்தில் என்னை இரண்டு தரம் எண்ணியிருக்கிறேன். அந்த ஐந்தாவது ஆளை வெளியே வரச்சொல்லி ஒரு பொலிஸ்காரர் எங்கள் ரொய்லெட் கதவைக் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டு நின்றார்.

பாட்ஸ் அண்ணையைப் பற்றி ஒன்றைத் துணிந்து சொல்வேன். உலகத்தில் கழன்று விழுந்த எந்தத் துண்டைக் காட்டினாலும் அது எதிலிருந்து விழுந்தது என்று சொல்லக்கூடிய மனிதர் அவர் ஒருவர்தான். கனடாவில் எங்கள் கடை இருக்கும் வெக்ஸ்போர்ட் பக்கத்தில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது; மெஷின்களின் 'பார்ட்ஸ்'தான் வாய்க்கு வாய் மாறிப் பாட்ஸ் ஆனது. ஒருவர் சின்ன பிளாஸ்டிக் துண்டொன்றைக் கொண்டுவந்தால், நகத்தால் சுரண்டுவார், மணப்பார், நுனிப்பல்லால் கடிப்பார். பிறகு, "டிஷ்வொஷர். மேல்தட்டு. உங்கடை வீட்டிலை மீன் கூடச் சமைக்கிறியள்" என்பார். வந்தவர் மீன் வரைக்கும் ஒத்துக்கொண்டு போவார்.

ஒருமுறை கல்யாண மண்டபமொன்றில் அவருடைய கதிரைக்குக் கீழே ஒரு திருகாணி கிடந்தது. சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு அது எதிலிருந்து விழுந்தது என்று தேடப் போனார். கெட்டிமேளம் கொட்டும்போது அவர் மணவறைக்குக் கீழே படுத்து அதைத் திருகிக்கொண்டிருந்தார். கல்யாண வீடியோவில் தாலி கட்டுகிற இடம் முழுக்க, மாப்பிள்ளைக்குப் பின்னால் இரண்டு உள்ளங்கால்கள் தெரியும். "நான் முடுக்கியிராட்டி மணவறை விழுந்திருக்கும்" என்று அவர் இன்றைக்கும் சொல்லுவார்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் ஒரு கிழவர் செத்துப்போன வீட்டிலிருந்து வந்த டிரையரின் பின்தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஒரு தடித்த சொக்ஸ் விழுந்தது. சொக்சுக்குள்ளே ஒரு பிஸ்டல். பக்கவாட்டில் தேய்ந்துபோன பொலிஸ் முத்திரை.

எனக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை சிட்டிசன்ஷிப் சத்தியப்பிரமாணம். பதினொரு வருசம் காத்திருந்து வந்த நாள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சிட்டிசன்ஷிப் பரீட்சைக்குப் படித்த படிப்பில் மயிர் கொட்டியது. பொலிஸ் கேஸ் ஏதாவது வந்தால் எல்லாம் போச்சு என்று பஸ்சுக்கு ரிக்கெட் எடுத்த துண்டுகளைக்கூடப் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன்.

எங்கள் கடையில் ஒரு பழக்கம். உள்ளே வருகிற எந்தச் சாமானுக்கும் அந்த இடத்திலேயே ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். ஒட்டாவிட்டால் முதலாளி கத்துவார். மூளை உறைந்துபோய் நின்ற நேரம், கை தன் பாட்டில் வேலையைச் செய்துவிட்டது. பார்த்தால், பிஸ்டலில் ஸ்டிக்கர் இருக்கிறது. வாங்கியவர்: என் பெயர். நிலைமை: பாவித்தது, நல்லது. வாரண்டி: தொண்ணூறு நாள்.

"அண்ணை!" என்று கத்தினேன். முதலாளி ஓடிவந்து பார்த்தார். உடனே போனை எடுத்து, கடைக்குள்ளே துவக்கு என்று பொலிசுக்குச் சொல்லி, மற்றதொன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார்.

நான் ஸ்டிக்கரை உரிக்கப் போனேன். பாட்ஸ் அண்ணை தடுத்தார்.

"தொடாதை. உரிச்சால் பசை நிக்கும். பசை நிண்டால் ஏன் உரிச்சனி எண்டு பொலிஸ் கேப்பான்."

"அப்ப நான் என்னண்ணை செய்யிறது?"

"கொஞ்சம் தள்ளி நில். வெளிச்சத்தை மறைக்கிறாய்."

அவருக்கு என் சிட்டிசன்ஷிப் கண்ணில் படவில்லை. பிடியின் அடியில் ஒரு சின்ன இரும்பு வளையம் இருந்தது. அதிலேயே கண் குத்திட்டு நின்றுவிட்டது.

"உது சாவி கொழுவிற வளையம்" என்றார் முதலாளி.

"சுவரிலை மாட்டி வைக்கிறதுக்காக்கும்" என்றார் அன்ரி. "தம்பி, என்ரை பெல்ட்டைத் தந்தால் நான் போயிடுவன். வீட்டை நாலு பேற்றை உடுப்பு ஈரமாக் கிடக்கு."

பாட்ஸ் அண்ணையின் விரல்கள் துடித்தன. தொடக்கூடாது என்று அவருக்கும் தெரியும். கடைசியில் இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோனார்.

"தம்பி, என்ரை கையை நம்பேலாது. கட்டிவிடு."

அன்ரியின் டிரையர் பெல்ட்டால் கட்டிவிட்டேன். அவர் குனிந்து, மூக்கு முட்டுகிற தூரத்தில் வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

வந்தவர்கள் கண்டது இதுதான்: மேசையில் பிஸ்டல். பக்கத்தில் கை கட்டப்பட்ட ஒரு மனிதர். பின்னால் முடிச்சைப் பிடித்துக்கொண்டு நான்.

"கையைத் தூக்கு!" என்றார்கள். மூன்று பேர் தூக்கினோம்.

"ஐ கெனொட்" என்றார் பாட்ஸ் அண்ணை.

விசயம் விளங்க அரை மணித்தியாலம் போனது. ரொய்லெட் கதவைத் தட்டியதும் அந்த அரை மணித்தியாலத்துக்குள்தான். பிறகு உயரமான பொலிஸ்காரர் ஸ்டிக்கரைக் குனிந்து வாசித்தார். தன் கூட்டாளியைக் கூப்பிட்டு வாரண்டியையும் காட்டினார். இது யாருடைய பெயர் என்று கேட்டார். நான் திரும்பவும் கையைத் தூக்கினேன்.

"நான் சொல்லித்தான் இந்தத் தம்பி ஒட்டினவன்" என்று பாட்ஸ் அண்ணை தன் ஆங்கிலத்தில் சொன்னார். பச்சைப்பொய். "எழுதுறதெண்டால் என்ரை பேரை எழுது. அவனுக்குச் செவ்வாய்க்கிழமை வேலை கிடக்கு. இப்ப இந்த வளையத்தைப் பார். ஒரு பக்கம்தான் தேய்ஞ்சிருக்கு. இதை வைச்சிருந்தவன் கயிறு கட்டித் தோளிலை போட்டிருக்கிறான். நடக்கிறவனுக்கு இப்பிடித் தேயாது, குலுங்கியிருக்கவேணும். இவன் குதிரைப் பொலிஸ்."

முதலாளி தலையில் கைவைத்தார். பொலிஸ்காரர் சிரிக்கவில்லை. வளையத்தை மூன்று படம் எடுத்தார். எங்கள் எல்லோருடைய விபரத்தையும் எழுதி, பிஸ்டலை ஸ்டிக்கரோடு பையில் போட்டுக்கொண்டு, தன் கார்ட்டைப் பாட்ஸ் அண்ணையிடம் தந்துவிட்டுப் போனார்.

நான் நாலு நாள் நித்திரை கொள்ளவில்லை. திங்கட்கிழமை போன் வந்தது. செத்துப்போன கிழவர் ஒருகாலத்தில் குதிரைப் பொலிஸ்காரர்தானாம். குதிரை உதறினாலும் பிஸ்டல் நிலத்தில் விழாமலிருக்கக் கயிறு கட்டுகிற வளையமாம் அது. உங்கள்மேல் ஒரு கேசும் இல்லை என்றார்கள். நான் நம்பவில்லை. கேசில்லை என்ற அந்தச் செய்தி சிட்டிசன்ஷிப் ஒஃபிசுக்குப் போய்ச் சேர்ந்ததோ, யார் கண்டது?

செவ்வாய்க்கிழமை மண்டபத்தில் எண்பது பேரோடு எழும்பி நின்றேன். திரும்பிப் பார்த்தால் பின்வரிசையில் பாட்ஸ் அண்ணை. தனக்குச் சுகமில்லை என்று கடைக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். சேர்ட் பொக்கெற்றில் அந்தப் பொலிஸ்காரரின் கார்ட், வெளியே தெரிகிற மாதிரி.

"ஆரும் ஏதும் கேட்டால் காட்டலாமெண்டு" என்று வாயசைத்தார்.

ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நீதிபதி சத்தியத்தைச் சொல்லத் தொடங்க, எனக்கு இரண்டாவது வரியிலேயே நாக்குப் பிறழ்ந்துவிட்டது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், மண்டபமே திரும்பிப் பார்க்கிற சத்தத்தில், ஒவ்வொரு சொல்லையும் நீதிபதிக்கும் முந்திச் சொல்லிக்கொண்டு வந்தது. பாட்ஸ் அண்ணை, இருபத்தைந்து வருசத்துக்கு முன்பே இதே சத்தியத்தைச் சொல்லிச் சிட்டிசனான மனிதர். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நான் கனடாக்காரன் ஆனேன்.