கிழமைக்கு ஒரு குழம்பு

சிரிக்க வைக்கிறேன், சத்தியம். ஆனால் இப்போது இல்லை. முதலில் எல்லாரும் கொஞ்சம் கணக்குப் படிக்க வேண்டும். எங்கள் அப்பாவே படித்தார், உங்களுக்கு என்ன கேடு?

மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், வந்த வருஷம். காஜா பேராங்கில் எங்கள் வீடு. தமிழ்ப்பள்ளி வாத்தியார் கலியாணசுந்தரம், அதாவது அப்பா, மேல்பரீட்சை எழுதக் கிளம்பினார். கணக்கில் ‘சார்பு’ என்று ஒரு பாடம். அது அவர் மண்டைக்குள் நுழைய மாட்டேன் என்றது. அவரும் விட மாட்டேன் என்றார். “சார்பா, நானா, பார்த்துடறேன்!” (இதை அவர் குரலிலேயே நான் சொன்னால் கூண்டுக் கோழிகூட எழுந்து நிற்கும்.)

அம்மா சாரதாம்பாளுக்கும் ஒரு பிடிவாதம். ஞாயிறு மத்தியானம் பக்கத்து வீட்டு மரியம் அக்காவோடு படம் பார்க்கப் போக வேண்டும். நடக்கிற காரியமா? ஞாயிறென்றால் அப்பாவுக்கு ஆட்டிறைச்சிக் குழம்பும் வேண்டும், மீன்குழம்பும் வேண்டும். அம்மா அடுப்பைவிட்டு எழுவதற்குள் தியேட்டரில் வில்லன் செத்து, கல்யாணமும் முடிந்திருக்கும்.

ஒரு சாயங்காலம் அம்மா மெல்ல வந்து உட்கார்ந்தாள்.

“என்னங்க, அந்தச் சார்பை எனக்கும் சொல்லுங்களேன். அடுத்தவங்களுக்குச் சொன்னாத்தானே நமக்கு நிக்கும்?”

அப்பா நாற்காலியில் ஒரு முழம் உயர்ந்தார்.

“கேட்டுக்கோ. இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம். இங்க இருக்கற ஒவ்வொண்ணும் அங்க ஒண்ணை அம்புக்குறி போட்டுக் காட்டணும். ஒண்ணே ஒண்ணு!”

“இங்க கிழமை, அங்க குழம்புன்னு வெச்சுக்கலாமா?”

“பலே! வெச்சுக்கோ.”

“ஒரு கிழமை எதையுமே காட்டாம சும்மா நின்னா?”

“கூடாது. பட்டினியா போடுவே?”

“ஒரு கிழமை ரெண்டு குழம்பைக் காட்டினா?”

“சார்பே இல்லை. அடிச்சுடு!”

“எல்லாக் கிழமையும் ஒரே குழம்பைக் காட்டினா?”

அப்பா யோசித்தார். புத்தகத்தைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. “அது சார்புதான்! பல பேர் ஒருத்தரைக் காட்டலாம். ஒருத்தர் ரெண்டு பேரைக் காட்டக் கூடாது. சாரதா, எனக்கே இப்பத்தான் விளங்குது!”

நான் பள்ளி இன்ஸ்பெக்டர் துரையின் குரலில் செருமினேன். “மிஸ்டர் கலியாணசுந்தரம், உறுதியாச் சொல்றீரா?”

அப்பா பழக்கதோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டார். “உறுதி, சார்!”

மறுநாள் பரங்கிக்காய் சாம்பார். அடுத்த நாளும் அதுவே. அப்பா பாட மயக்கத்தில் எதையும் கவனிக்கவில்லை. சாப்பிடும்போதும் சோற்றில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தார். ஞாயிறு வந்தது. தட்டு வந்தது. சாம்பார்.

“இறைச்சி எங்கே? மீன் எங்கே?”

“ஒரு கிழமைக்கு ரெண்டு கூடாதுன்னீங்களே.”

“சரி, ஒண்ணுதான். அதுக்காக வாரம் பூரா பரங்கிக்காயா?”

“எல்லாக் கிழமைக்கும் ஒண்ணே வரலாமுன்னீங்களே. துரைகிட்டயே உறுதி சொன்னீங்க.”

வாசலில் மரியம் அக்கா குரல் கொடுத்தாள். “சாரதா, ரிக்‌ஷா நிக்குது லா! சீக்கிரம்!”

பட்டுச் சேலை சரசரக்க அம்மா படியிறங்கினாள். அப்பாவின் கை சாம்பாரிலேயே நின்றது. மெல்ல என் பக்கம் திரும்பினார்.

“அடியே சீதா… அன்னிக்கு உங்கம்மா எங்கிட்ட கேட்டது பாடம் இல்லியா?”