காத்தடியும் தொத்தாத வியாதியும்

தென்காசி வட்டாரத்தில் ஜனங்கள் தாங்களாக விரும்பிக் கையை நீட்டிய ஒரே அரசாங்கச் சிப்பந்தி காத்தடிதான். மற்றச் சிப்பந்திகள் எல்லாம் ஜனங்களிடம் கையை நீட்டினவர்கள். என்னை இந்த இரண்டிலும் சேர்க்காதீர்கள். என்னைக் கண்டால் ஜனங்கள் ஓடினார்கள்.

நான் அப்போது சுகாதார ஆய்வாளர். அம்மை குத்தத் தெருவுக்குள் நுழைந்தால் பிள்ளைகளை நெல் குதிருக்குள் இறக்கி மூடிவிடுவார்கள். காலரா ஊசியோடு போனால் தெருவே வயலுக்குப் போய்விடும். அதே தெருவுக்குக் காத்தடி போனால் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். எனக்கு வயிறு எரிந்தது. மூடி மறைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

பல நாடுகள் சேர்ந்து நடத்திய ஒரு சுகாதாரக் குழுவுக்கு எங்கள் பக்கத்து ஜனங்களின் ரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. ஒரு கறுப்புப் பெட்டியை அனுப்பினார்கள். உள்ளே பாதரசக் குழாய், கையில் சுற்ற ஒரு துணிப்பட்டை, காற்றடிக்க ரப்பர் பந்து. அந்தப் பெட்டிக்காகவே செங்கோட்டையிலிருந்து மாற்றலாகி வந்தவன் இவன். கொக்கு மாதிரி இருப்பான். சோறு தின்னும்போதுகூட இடது கை பந்தை அமுக்கிக்கொண்டிருக்கும். ஊர் அவனுக்குக் காத்தடி என்று பேர் வைத்தது. பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளம் வாங்க மட்டும்தான் உதவியது.

முதல் நாளே கேட்டேன். "காலரா தொத்தும், அம்மை தொத்தும், நாம ஓடுதோம். உம்ம வியாதி தொத்தாதுங்கீரு. தொத்தாத வியாதிக்கு நமக்கு என்னவே சோலி?"

"காலரா வந்தா ஊருக்கே தெரியும் அண்ணாச்சி. இது சத்தங்காட்டாம வந்து, கூடவே எல போட்டு உக்காந்துக்கிடும். நீங்க ஊறுகாய நக்க நக்க அது கொழுக்கும்."

சொல்லிக்கொண்டே என் தூக்குச்சட்டியில் இருந்த நார்த்தங்காய் ஊறுகாயை எடுத்து ஜன்னல் வழியாக எறிந்தான். என் மனைவி போட்ட ஊறுகாய். மனுஷனா அவன்?

ஆலங்குளத்தில் ஒரு கல்யாணம். பந்தி பரிமாறுகிறவர் பின்னாலேயே நடந்து, இலை இலையாக அப்பளத்தை எடுத்துக்கொண்டே போனான். பெண் வீட்டார் அவனை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆள் என்று நினைத்தார்கள். அதோடு விட்டானா? மணவறையில் ஏறி மாப்பிள்ளைக்குப் பட்டையைச் சுற்றி, "ரத்தம் ஏறிக் கெடக்கு, கொஞ்சம் பொறுத்துத் தாலி கட்டலாம்" என்றான். மாமனார் பஸ் நிறுத்தம் வரை துரத்தினார். அடுத்த வாரமே அதே மாமனார் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, "தம்பி, எனக்கும் ஒருக்கப் பாத்திரும்" என்று கையை நீட்டுகிறார்! என்னைக் கண்டு ஓடியவன் எவனும் திரும்பி வந்ததில்லை.

பிறகு குற்றாலத்தில் சீசன் வந்தது. அருவிக்குப் பக்கத்தில் எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். இவன் அவர்கள் நடுவில் போய்ப் பெட்டியைத் திறந்தான். பட்டை இறுகித் தளர்ந்ததும் கடையத்து விவசாயி ஒருவர் கையை உதறிப் பார்த்து, "ஏ, வலி போயிட்டுல்லா!" என்று கத்தினார். அவ்வளவுதான். வெளிநாட்டு உடம்புபிடி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, காசும் இல்லை என்று சேதி பரவிவிட்டது. வரிசை பாலத்தைத் தாண்டி நின்றது.

"எனக்கு மூட்டுலதான் குடைச்சல். இதத் தொடையில மாட்டுமய்யா!"

"ஏட்டி, முக்காட்ட மாத்திப் போட்டுக்கிட்டு இன்னொருக்க நில்லு. அவருக்கு எங்க அடையாளம் தெரியப்போகுது?"

உடம்புபிடிக்காரர்களில் மூத்தவர் சண்டைக்கு வந்தார். "ஏலே, ஒரு பந்த அமுக்கி எங்க பொழப்புல மண்ணப் போடுதியே!"

"அண்ணாச்சி, நான் பிடிச்சுவிடல. அளக்கேன்."

"அளக்கதுக்கா இம்புட்டுக் கூட்டம்?"

அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டார். காற்று இறங்கியதும், "இந்தக் கைக்கும் போடு" என்று மற்றக் கையை நீட்டினார்.

இது வைத்தியம் இல்லை என்று தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்தான். ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு சட்டம் போட்டான். "உப்பக் கொறச்சவனுக்குத்தான் அடுத்த அமுக்கு. பீடி நாத்தம் அடிச்சா வரிசையில நிக்கப்படாது!" டாக்டர் சொல்லி விடாத பீடியை ஓசி அமுக்குக்காக விட்டார்கள். ஊறுகாய்ப் பரணியில் தூசி படிந்தது.

இந்தச் சேதி எப்படியோ அந்தக் குழுவுக்குப் போய், வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருத்தி நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. எங்களில் ஒருவரை வெளிநாட்டுப் பயிற்சிக்கு அவள் பொறுக்குவாளாம். சர்வீஸ்படி அது எனக்கு வர வேண்டியது. கோட்டு தைத்துக்கொண்டேன். விமானத்தில் ஏறிய சொந்தக்காரன் எனக்கு ஒருவனும் இல்லை. நான்தான் முதல் ஆள் என்று மாமியார் வீடு வரை சொல்லியும் விட்டேன்.

ஐந்தருவியில் சாரலில் நின்றோம். அவள் என் கோட்டைப் பார்க்கவேயில்லை. வரிசையைப் பார்த்து வாயைப் பிளந்தாள். செய்து காட்டு என்று காத்தடியிடம் சைகை காட்டினாள். அவன் மட்டும் அவள் கண்ணில் படுவதா? நான் குறுக்கே போய்க் கோட்டைக் கழற்றி என் கையை நீட்டினேன்.

அடித்தான். பாதரசம் ஏறியது. அவன் முகம் மாறியது. இறக்கிவிட்டு மறுபடி அடித்தான்.

"அண்ணாச்சி, தல வலிக்கா?"

"உன்னப் பாத்தாலே வலிக்குலே. வேலயப் பாரு."

அடுத்த நிமிஷம் என்னைத் தரதரவென்று இழுத்துப் போய் டாக்டரம்மா வந்த ஜீப்பில் தள்ளி, "விடும்வே, தென்காசி ஆஸ்பத்திரிக்கு!" என்று டிரைவரிடம் கத்தினான்.

"ஏலே, வெள்ளக்காரி அங்கன நனையுதா! உன் சான்ஸ் போயிரும், எறங்கிப் போலே!"

"நனையட்டும். அவ ரத்தம் நல்லாத்தான் ஓடுது. நீங்க வாய மூடுங்க, பேசுனா இன்னும் ஏறும்."

ஜீப்பும் பெட்டியும் ஆளும் போன பிறகு அவள் எதைப் பார்ப்பாள்? ஐந்தருவியைப் பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். பயிற்சிக்குப் போனது, அன்று அவளுக்குக் குடை பிடித்த ஒரு குமாஸ்தா.

ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே கத்தினேன். "கெடுத்துக்கிட்டியேலே!"

"போனா போகுது அண்ணாச்சி. அங்கன ரொம்பக் குளிருமாம்லா."

அதன் பிறகு காலையும் மாலையும் என் வீட்டுக்கு வந்தான். கை பார்ப்பான், மாத்திரை விழுங்கினேனா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பான், கருவாட்டு வாசனை வந்தால் அடுக்களை வரை போய்த் திட்டுவான். என் மனைவி அவனுக்குத்தான் முதலில் காபி கொடுப்பாள். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

போன மாதம் அவனைக் கடையத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஒரு ரிட்டயர்டு தாசில்தாரைப் பிடித்துவைத்துக்கொண்டு தினமும் காலையும் மாலையும் திட்டுகிறானாம். அந்த ஆளை நான் பார்த்ததுகூட இல்லை. நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை இருக்கும், திட்ட ஆளா இல்லை? என் மனைவிக்குத் திட்டவே வராது. எனக்கு இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?