ஆறாம் வகுப்பின் ஆறுதல்

என்றும் மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆனால் தயவுசெய்து அடுத்த திங்கட்கிழமைக்குள் உனக்கு உடம்பு முடியாமல் போக வேண்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம்; தம்பியை உடனே அனுப்புங்கள் என்று எங்கள் தலைமையாசிரியையிடம் கேட்கிற அளவுக்குப் போதும். இதைப் போனில் சொல்லலாமென்றால் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் பாம்புக் காது.

நான் கணக்கு வாத்தியார். என் செருப்புச் சத்தம் கேட்டாலே வராந்தா அடங்கிவிடும். அப்பேர்ப்பட்ட என்னைப் பிடித்து ஆறாம் வகுப்புக்கு 'மகிழ்ச்சி வகுப்பு' எடு என்று தள்ளிவிட்டார்கள். பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, மனசில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டுமாம். நானும் வரிசையாக ஜோடி பிரித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒருத்தி மிஞ்சினாள். அவளும் யார், வகுப்பிலேயே பெரிய வாயாடி. மீதியை அப்படியே விட்டுவிட எனக்கு மனசு வருமா? நானே அவள் எதிரில் உட்கார்ந்து தொலைத்தேன். உற்றுப் பார்த்தாள். "சார், நீங்க ரொம்பப் பயந்து போயிருக்கீங்க"ன்னு சொல்லிட்டா அக்கா, வகுப்பு முழுக்கக் கேக்குற மாதிரி!

நான் கைக்குட்டையை எடுத்து மூஞ்சியைத் துடைச்சேன். ஒருத்தன் தண்ணி பாட்டிலை நீட்டுறான். இன்னொருத்தன் கணக்கு நோட்டாலயே விசிறுறான். "எங்கப்பாவும் வேலைக்குக் கிளம்புறப்ப மூஞ்சிய இப்படித்தான் சார் வச்சிருப்பாரு"ன்னு ஒரு பொடியன் தோளைத் தட்டிக் குடுக்குறான். இப்ப வராந்தாவுல போனா, "சார், இன்னிக்குத் தேவலையா?"ன்னு கேக்குதுங்க. என் மேல இருக்குற பயமும் போயிட்டா, இதுங்க எப்படி அக்கா கணக்குப் போடும்? திங்கட்கிழமை தலைமையாசிரியை கடைசி பெஞ்சுல உக்காந்து இந்தக் கூத்தைப் பாக்கப் போறாங்க. அவங்க முன்னாடி எவனாவது என் தலையைத் தடவிவிட்டா என் மானம் கப்பலேறிடும்.

அத்தானுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் ஆசியும்.

உன் உடம்பு சீக்கிரம் கெட வேண்டிக்கொள்ளும்,
அன்புத் தம்பி.

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடக் கிளம்பினேன். பள்ளிக்கூட வாசல்லயே அந்த வாயாடி மறிச்சுக்கிட்டா. "திங்கக்கிழமை பெரிய மேடம் வராங்களாமே சார், எங்க எல்லாருக்கும் ஒரே பயமா இருக்கு"ன்னா. எனக்கும்தான்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். அவ மூஞ்சில அப்படி ஒரு நிம்மதி. "அப்ப லீவு கீவு போட்றாதீங்க சார், சேர்ந்தே பயப்படலாம்"னா. நீ நல்லாவே இரு அக்கா. நான் வரலை.