காப்பர் அண்ணன் மேல் எனக்கிருந்த பொறாமை

பழனி மலைத்தொடர் முழுக்க வலைபோட்டுத் தேடினாலும், காப்பரைப் போல என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட இன்னொரு மனிதர் கிடைக்கமாட்டார். நான் வேதியியலில் எம்.எஸ்ஸி., பள்ளி ஆசிரியர். அவர் ஐந்தாம் வகுப்பு ஃபெயில். கொடைக்கானலில் உலோகத்தைப் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என் வீட்டு வாசலைத் தாண்டிக்கொண்டு அவரைத் தேடிப் போவார்கள்.

அவர் வீடுகளுக்கு மின்சார ஒயரிங் செய்பவர். உண்மையான பெயர் என்னவென்று நான் கேட்டதில்லை. கேட்டால் மரியாதை கொடுத்ததாகிவிடும் என்று பயம். குரங்குக் குல்லாய், முழங்கால் வரை கோட்டு, வலது மணிக்கட்டில் மூன்று சுற்றுச் செப்புக் கம்பி. பையில் எப்போதும் ஒரு செப்பு டம்ளர் இருக்கும். தண்ணீரை அதில்தான் குடிப்பார். யாராவது தெரியாமல் அதில் மோரை ஊற்றிவிட்டால், குழந்தையை அடித்துவிட்டது போலப் பதறிப்போய், தேய்த்துக் கழுவச் சாம்பலைத் தேடுவார்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. செப்புக் கம்பி கிடைப்பதே அரிதாகி, வீட்டுக்கு வீடு அலுமினியக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார்கள். காப்பருக்கு அதில் ஆறாத வருத்தம். ஆனால் மனிதர் அலுமினியத்தை ஒரேயடியாகத் திட்டவும் மாட்டார். தேநீர்க் கடையில் உட்கார்ந்தால் தீர்ப்புச் சொல்லும் தோரணையில் ஆரம்பிப்பார்.

"காப்பரு மூத்த மாப்பிள்ளைங்க. கனமான ஆளு. சீரு கூடக் கேப்பாரு. ஆனா ஒரு தடவ முறுக்கி விட்டீங்கன்னா முப்பது வருசத்துக்கு வாயத் தொறக்க மாட்டாரு. அலுமினியம் எளைய மாப்பிள்ளை. மெலிஞ்ச ஒடம்பு, கொறஞ்ச செலவு. தூரந்தொலைவுச் சோலின்னா அவருதான் லாயக்கு. அந்தா, மலையில கம்பத்துக்குக் கம்பம் தொங்குறாரு பாருங்க, அங்கிட்டு மூத்தவரப் போட்டா கம்பம் சாஞ்சிரும். ஆனா வீட்டுக்குள்ள வச்சா மெல்ல மெல்ல நழுவுவாரு. வருசத்துக்கு ஒருக்கா போயி முறுக்கி வச்சிட்டு வரணும்."

அப்படியே செய்தும் வந்தார். மழைக்காலம் முடிந்து கிறிஸ்துமஸுக்கு முன்னால், தான் அலுமினியக் கம்பி இழுத்த வீடுகளுக்கெல்லாம் அழைக்காமலேயே போய், சுவிட்சு சுவிட்சாகத் திறந்து, தளர்ந்த திருகுகளை முறுக்கிவிட்டு வருவார். ஊரில் அதற்கு 'முறுக்கு நாள்' என்றே பெயர். அன்றைக்கு அவருக்கு வீட்டுக்கு வீடு காப்பியும் மலைவாழைப்பழமும் கிடைக்கும். நான் ஒரு வீட்டுக்குப் போனால், "பையன் ஃபெயிலா சார்?" என்று கேட்பார்கள்.

என் வீட்டிலும் அதே கதைதான். என் மனைவி எஸ்தர் எந்த வாக்கியத்தையும் அவர் பெயரைச் சொல்லாமல் முடிக்கமாட்டாள்.

"ஏங்க, புளிக்கொழம்ப அலுமினியச் சட்டியில வைக்கக் கூடாதாம். செம்புலயும் வைக்கக் கூடாதாம். மண்சட்டிதானாம். காப்பர் அண்ணே சொன்னாங்க."

"புளியில் அமிலம் இருக்கிறது எஸ்தர். அமிலம் உலோகத்தோடு வினைபுரியும். இதை நான் உனக்குப் போன வருடமே சொன்னேன்."

"சொன்னீங்களா? நீங்க பாடமுல்ல எடுத்தீங்க."

எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. இறங்கிய சாப்பாடும் மண்சட்டியில் சமைத்ததுதான்.

வகுப்பில் நிலைமை இன்னும் மோசம். 'தாமிரம், அலுமினியம் - ஒப்பிடுக' என்று கரும்பலகையில் இரண்டு பத்தி கட்டி, அடர்த்தி, உருகுநிலை, கடத்துதிறன் எல்லாவற்றையும் எழுதிப் போடுவேன். பிள்ளைகள் ஜன்னல் வழியே மஞ்சு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். பரீட்சையில் ஒரு பயல் இப்படி எழுதியிருந்தான்: 'அலுமினியம் எடை குறைந்தது, விலை குறைந்தது, இளைய மாப்பிள்ளை, வருடத்துக்கு ஒருமுறை முறுக்க வேண்டும்.' பூஜ்யம் போட்டேன். தலைமையாசிரியர் விடைத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல தப்பு எங்க சார் இருக்கு?" என்று கேட்டார்.

அந்த வருடம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். நான் அப்போது தற்காலிக ஆசிரியர். தாளாளர் என்னைக் கூப்பிட்டு, "மாவட்டக் கல்வி அதிகாரி வர்றாரு. நீங்க நல்லா செஞ்சு காட்டுனா உங்க வேலைய நிரந்தரம் பண்ணிரலாம். இல்லாட்டி அடுத்த வருசம் வேற ஆளுதான்" என்று சொல்லிவிட்டார்.

விட்டேனா! 'தாமிரமா, அலுமினியமா?' என்று பெரிய பலகை எழுதினேன். ஆய்வுக்கூடத்திலிருந்து திறந்த வராந்தா வழியாக மண்டபம் வரை அலுமினியக் கம்பி இழுத்து, வராந்தாவின் இரண்டு முனையிலும் செப்புக் கம்பியோடு கையால் முறுக்கி, துணி டேப்பைச் சுற்றி, மண்டபத்தில் வரிசையாக இருபது பல்பு தொங்கவிட்டேன். காப்பர் கொண்டாடும் தாமிரத்தைவிட அலுமினியமே போதும் என்று ஊருக்கு நிரூபிக்க வேண்டும். ஒயர் வேலைக்கு அவரை அழைக்கவும் இல்லை.

அழைக்காவிட்டால் வராமலிருப்பாரா? வந்தார். வராந்தா இணைப்பை அண்ணாந்து பார்த்தார்.

"சார், ரெண்டு மாப்பிள்ளையையும் மழையில ஒரே குடைக்குள்ள நிக்க வைக்கிறீங்களே, வம்புல்ல? நடுவுல ஈயம் பூசுன துண்டு ஒண்ணு வச்சிருங்க. நான் வேணா வெரசா மாட்டி விட்டுட்டுப் போறேன்."

"நீங்க பேசாம போங்க. எனக்குத் தெரியும்."

"சரிங்க சார்" என்று போய்விட்டார்.

மழையினால் கண்காட்சி ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. அந்த மாதம் முழுக்கச் சாரல், மஞ்சு, மறுபடி சாரல். கடைசியில் அதிகாரி வந்தார். தாளாளர் வந்தார். பெற்றோர் கூட்டம், முன்வரிசையில் எஸ்தர். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சுவிட்சைத் தட்டினேன்.

ஒரு பல்புகூட எரியவில்லை. மறுபடி தட்டினேன். இருபது பல்பும் என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா தொங்கின. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தாளாளர் என்னைப் பார்த்தார். அடுத்த வருடம் வரப்போகும் அந்த வேறு ஆள் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது எனக்கே தெரிந்தது.

கூட்டத்தின் பின்னாலிருந்து குரங்குக் குல்லாய் ஒன்று முன்னால் வந்தது. போச்சு, இனி இவர் சரிசெய்வார், எல்லோரும் கைதட்டுவார்கள், என் பொழைப்பு முடிந்தது என்று நினைத்தேன்.

காப்பர் எதையும் சரிசெய்யவில்லை. மெயினை அணைத்துவிட்டு, வராந்தாவில் ஸ்டூல் போட்டு ஏறி, இணைப்பை அப்படியே வெட்டி எடுத்து வந்து, டேப்பைப் பிரித்து அதிகாரியின் உள்ளங்கையில் கொட்டினார். வெள்ளை மாவு!

"பாத்தீங்களாய்யா? காப்பரு மேல ஒரு கீறல் இல்ல. அலுமினியந்தான் மாவாப் போச்சு. ரெண்டையும் ஈரத்துல சேத்துக் கட்டுனா என்னாகும்னு புள்ளைகளுக்குக் காட்டணும்னு ஒரு மாசமா சாரு இதத் தொடாம வச்சிருந்தாரு. நடுவுல நான் சரி பண்றேன்னு வந்தேன்யா. 'நீங்க பேசாம போங்க, எனக்குத் தெரியும்'னு வெரட்டி விட்டுட்டாரு!"

அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்தார். "அடடே! பல்பு எரியறதைத்தான் எல்லாரும் காட்டுவாங்க. ஏன் எரியலைன்னு காட்டினது நீங்க ஒருத்தர்தான். விளக்குங்க சார்."

விளக்கினேன். ஈரம் நடுவே இருந்தால் இரண்டு உலோகமும் ஒரு சின்ன மின்கலம் ஆகிவிடும், எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும் அலுமினியம் அரித்துப்போகும் என்று சொல்லச் சொல்ல, எனக்கு வேர்த்துவிட்டது. முந்தைய மாதம்தான் இதே பாடத்தை வகுப்பில் நடத்தியிருந்தேன். அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பிள்ளைகள் வாய்பிளந்து கேட்டன. பின்னால் கைகட்டி நின்று காப்பரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் அருகில் வந்தார்.

"எலக்ட்ரான் போறதுதானா சார் அது? இத்தன வருசமாப் பாக்குறேன், ஏன்னு தெரியாமலே மாப்பிள்ளை கதை சொல்லிக்கிட்டுத் திரியுறேன். உங்களப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு சார்."

நான் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "ஆமாம், எலக்ட்ரான்தான்" என்று மட்டும் சொன்னேன். என்னைவிட நன்றாகப் பொய் சொல்லவும் அவருக்குத் தெரிகிறதே என்ற எரிச்சல் வேறு.

வேலை நிரந்தரமாயிற்று. அதன் பிறகு வாரத்தில் நான்கு நாள் மாலையில் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்வார். "வெள்ளி எப்படி சார்? துத்தநாகம் எப்படி?" என்பார். நான் சொல்வேன். மறுநாள் அதையே தேநீர்க் கடையில் என்னைவிட அழகாகச் சொல்லிக்கொண்டிருப்பார். எஸ்தரும் முதலில் அவருக்குத்தான் காப்பி கொடுப்பாள். இப்படி ஆறு வருடம் ஓடியது. எண்பதுகளின் நடுவில், அவருக்குக் குளிர் தாங்கவில்லை என்று மகள் வந்து அவரை மலையடிவாரத்துக் கன்னிவாடிக்கு அழைத்துப்போய்விட்டாள்.

அந்த வருடம் ஊரில் என்னிடம் சந்தேகம் கேட்க வந்தவர்கள் அதிகம். புளிக்குழம்பு முதல் எர்த் கம்பி வரை என்னிடம்தான் கேட்டார்கள். நான் கேட்டது அத்தனையும் கிடைத்துவிட்டது. ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை.

அடுத்த ஜூனில் அந்த நிரந்தர வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, கன்னிவாடியில் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியராகச் சேர்ந்தேன். ஏன் என்று எஸ்தர் கேட்டாள். எனக்கும் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.