கையும் துண்டுமாக

"புடிங்க" என்று சொல்லி, அந்த ஆள் ஒரு கயிற்றை யமுனாவின் கையில் திணித்தார். கயிற்றின் மறுமுனையில் ஒரு மட்டக்குதிரை நின்றது.

"இது எதுக்குங்க?"

"தலைவரு வாங்கிட்டாருங்க."

"எதை?"

அந்த ஆள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். குதிரையும் அதே மாதிரிதான் பார்த்தது.

பேளுக்குறிச்சிச் சந்தையின் மாட்டுப் பக்கம் அது. கொஞ்சம் தள்ளி ஜீப்பின் முன்சீட்டில், தோளில் துண்டை நேராகப் போட்டுக்கொண்டு, மேல்மலை ஒன்றியக் குழுத் தலைவர் கலைமணி சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். அவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. தலைவர் மௌன விரதம்.

விரதத்தைக் கண்டுபிடித்தது யமுனாதான். தலைவரின் உதவியாளராகச் சேர்ந்த இந்த ஆறு மாதத்தில் அவள் ஒன்றைப் புரிந்துகொண்டிருந்தாள். கலைமணியின் சர்ச்சைகள் எல்லாமே வாயில் பிறந்தவை. ஒரு இரங்கல் கூட்டத்தில், "அன்னாரின் ஆதரவு அடுத்த தேர்தலிலும் எனக்கு உண்டு" என்று பேசி உட்கார்ந்தார். செத்தவர்கள் ஓட்டுப் போடுவதைத் தலைவரே ஒப்புக்கொண்டார் என்று எதிரணி சுவரொட்டி ஒட்டியது. மிளகு விவசாயிகள் கூட்டத்தில் மைக்கை அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, "இவனுங்களுக்குப் பிரியாணி போட்டாத்தான் கை தட்டுவானுங்களா?" என்று கேட்டார். போன மாதம் ஒரு தொலைபேசிப் பேச்சு வெளியே வந்தது. "ரோடு ரெண்டு மழை தாங்குனா போதாதா? மூணாவது மழைக்கு மறுபடி டெண்டர் விடலாம்ல?" என்று அதில் சிரித்தது சந்தேகமில்லாமல் தலைவரின் குரல்தான். அதன் பலன், இன்று மாலை மூன்று மணிக்கு நம்பிக்கையில்லாத் தீர்மானம்.

உறுப்பினர்கள் ஒன்பது பேர். நாலு பேர் தலைவர் பக்கம். நாலு பேர் துணைத் தலைவர் மாணிக்கம் பக்கம். வாழவந்தி நாட்டு உறுப்பினர் அத்தாயி எந்தப் பக்கம் என்று அத்தாயிக்கு மட்டுமே தெரியும். தலைவர் பதவி போனால் யமுனாவின் வேலையும் அன்றைக்கே போய்விடும். வேலையைவிட அவளுக்கு இன்னொரு கவலை இருந்தது. கேட்டவர்களிடமெல்லாம், "எங்க தலைவருக்கு வாய்தான் ஓட்டை, கை சுத்தம்" என்று அவள் சொல்லி வைத்திருந்தாள். அதை அவள் மனதார நம்பவும் செய்தாள்.

அதனால்தான், ஓட்டெடுப்பு முடிகிறவரைக்கும் வாயைத் திறக்கக்கூடாது என்று தலைவருக்கு விரதம் விதித்தாள். அவரும் சின்னப் பிள்ளை மாதிரி தலையாட்டினார். மலையேறும் வழியில், சந்தைக்காரர்களுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போகலாம் என்று சைகை காட்டினார். வணக்கத்தில் என்ன சர்ச்சை வந்துவிடப் போகிறது என்று யமுனாவும் விட்டுவிட்டாள்.

குதிரை வந்துவிட்டது.

எப்படி வந்தது என்பதை டிரைவர் சதாம்தான் விளக்கினான். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்லுகிற வழக்கம் கிடையாது. வாங்குகிறவரும் விற்கிறவரும் கையைப் பிடித்துக்கொள்வார்கள். மேலே ஒரு துண்டு விழும். துண்டுக்கு அடியில், ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டு விரலைப் பிடித்தால் இரண்டு. அது நூறா ஆயிரமா என்பது நிற்கிற மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். பிடிக்காத விலை என்றால் விரலை உதறிவிடலாம். பிடித்துப்போனால் உள்ளங்கையை ஒரு அழுத்து அழுத்த வேண்டும், அவ்வளவுதான். சுற்றி நூறு பேர் நின்றாலும் என்ன விலை என்று ஒருவருக்கும் தெரியாது.

"தலைவரு கை குடுத்தாருக்கா. தோள்ல இருந்த துண்டு நழுவி மேல விழுந்திருச்சு. அப்புறம் ரெண்டு பேரும் ரொம்ப நேரம் கைய விடவே இல்ல."

"ஐயோ! ஓட்டுக் கேட்கற பழக்கத்துல நல்லா அழுத்திப் புடிச்சிருப்பாரு!"

யமுனா குதிரைக்காரரிடம் ஓடினாள். ராசப்பன் என்று பெயர் சொன்னார். அடிவாரத்தில் குதிரையில் பொதி ஏற்றிப் பிழைக்கிறவர்.

"ஏனுங்க, தெரியாம நடந்து போச்சுங்க. குதிரைய நீங்களே வெச்சுக்கங்க."

"அதெப்படிங்க? துண்டுக்குள்ள முடிஞ்சதை வெளிய எடுத்துப் பேசுனா சந்தைக்கே மரியாதை இல்லீங்களே" என்று சொல்லிவிட்டு ராசப்பன் கூட்டத்தில் கரைந்துபோனார்.

யமுனா ஜீப்புக்குத் திரும்பினாள். "என்னங்க தலைவரே இது?"

தலைவர் சுட்டுவிரலால் வானத்தைக் காட்டினார்.

எல்லாம் அவன் செயல் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டபோது, கைப்பேசி மணியடித்தது. 'மலைக்காற்று' சேனல் சந்தோஷ்குமார் ஒரு காணொளி போட்டிருந்தான். சந்தையில் தலைவரும் யாரோ ஒருவரும் துண்டுக்கு அடியில் கைகோத்து நிற்கிறார்கள். தலைப்பு: "ஓட்டெடுப்புக்கு முன் குதிரை பேரம்! கையும் துண்டுமாகச் சிக்கினார் கலைமணி!"

குதிரை பேரம் என்றால் அரசியலில் உறுப்பினர்களை விலைக்கு வாங்குவது என்பது நாடறிந்த பொருள். அந்தப் பேரத்தில் நிஜமாகவே ஒரு குதிரை இருக்கும் என்று யார்தான் நினைப்பார்கள்? காணொளியிலும் குதிரை இல்லை. சந்தோஷ்குமார் நின்ற இடத்திலிருந்து அதை ஒரு வைக்கோல் வண்டி மறைத்திருந்தது.

யமுனா உடனே அறிக்கை விட்டாள். "தலைவர் எந்த உறுப்பினரையும் வாங்கவில்லை. அவர் வாங்கியது உண்மையான குதிரை. அதற்கு நான்கு கால்களும் ஒரு வாலும் உள்ளன."

இதைவிடத் தெளிவாக ஒரு உண்மையைச் சொல்ல முடியாது என்று அவள் நினைத்தாள். பத்தே நிமிடத்தில் மாணிக்கம் பதில் அறிக்கை விட்டார். "நான்கு கால்கள் என்றால் அவருடைய நான்கு ஆதரவாளர்கள். அந்த ஒரு வால் யார் என்பதைத் தலைவர் வெளிப்படுத்துவாரா?"

அதற்குள் தலைவரின் ஆதரவாளர்களில் ஒருவரான தனபால் அழைத்துவிட்டார். "ஏம்மா, பதினஞ்சு வருசமா அவரு பின்னாடி நிக்கறேன். என்னையக் காலுன்னு சொல்றீங்களா, வாலுன்னு சொல்றீங்களா? அதை மொதல்ல சொல்லுங்க."

"ரெண்டும் இல்லீங்கண்ணா, அது குதிரைங்க!"

"ஓ, நான் குதிரை வேறயா?" என்று அவர் இணைப்பைத் துண்டித்தார்.

அறிக்கை வேலைக்கு ஆகாது, குதிரையையே மேலே கொண்டுபோய்க் கண்ணில் காட்டிவிட வேண்டியதுதான் என்று யமுனா முடிவெடுத்தாள். குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்றைப் பிடித்தார்கள். குட்டியானையில் ஏற்றுவதற்குள் குதிரை சதாமின் சட்டைக் காலரைக் கடித்தது, வண்டிக்காரரை உதைத்தது, யமுனாவின் பையிலிருந்த தீர்மான நகலைத் தின்றது.

"பள்ளத்தைப் பார்த்தா மிரண்டுரும்க்கா. தார்ப்பாய் போட்டு மூடிட்டா பேசாம நின்னுக்கும்" என்றான் சதாம்.

மூடினார்கள். இதுதான் அடுத்த தப்பு. மலைச்சாலைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு ஒழுங்கு உண்டு. ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. ஏறும்போது பாதியில் நிறுத்தினால் மறுபடி எடுப்பது கஷ்டம் என்பதால், இறங்குகிற வண்டி ஓரமாக நின்று வழிவிட வேண்டும். அன்றைக்கு இறங்கிய பஸ்கள், லாரிகள், இருசக்கர வண்டிகள் எல்லாம் அந்த ஒழுங்கை மதித்து நின்றன. நின்றவர்களுக்கு வேறு வேலை இல்லாததால், தலைவரின் ஜீப்புக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் ஏதோ ஒன்று நெளிந்துகொண்டே போவதை நிதானமாகப் பார்த்தார்கள். படமும் எடுத்தார்கள். குதிரை ஒருமுறை கனைத்தது.

மலை உச்சியை எட்டும்போது தலைப்பு மாறியிருந்தது. "தார்ப்பாய்க்குள் உறுப்பினர் கடத்தல்! உள்ளே இருந்து அழுகுரல்!"

சோதனைச் சாவடியில் மறித்தார்கள். "உள்ள யாரும்மா?" என்றார் காவலர்.

"குதிரைங்க சார்."

"அந்தப் பேருதான் காலையிலிருந்து டிவில ஓடுது. நெஜப் பேரு என்ன?"

தார்ப்பாயை விலக்கினார்கள். குதிரை காவலரின் தொப்பியை முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மியது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வழிவிட்டார்.

ஒன்றிய அலுவலக வாசலில் கூட்டம் கூடியிருந்தது. யமுனா குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"பாருங்க. நல்லாப் பாருங்க. குதிரை!"

கூட்டம் சிரித்தது. சந்தோஷ்குமாரும் சிரித்தான். விஷயம் முடிந்தது என்று அவள் மூச்சு விடுவதற்குள் மாணிக்கம் முன்னால் வந்தார்.

"குதிரைதான், ஒத்துக்கறேன். ஆனா இதைத்தான் வாங்குனாருன்னு என்ன சாட்சி? மாட்டிக்கிட்ட பின்னாடி எங்கயோ வாடகைக்குப் புடிச்சிட்டு வந்து நிறுத்தலாம்ல?"

காலையிலிருந்து தலைவர் யாரையும் வாங்கவில்லை என்று நிரூபிக்க ஓடியவள், இப்போது தலைவர் வாங்கினார் என்று நிரூபிக்க வேண்டியதாயிற்று. விலை என்ன என்று கேட்டால் தெரியாது. தலைவரைக் கேட்டால் வானத்தைக் காட்டுவார். ராசப்பனின் கைப்பேசி எண்ணை வாங்கி வைக்கவும் மறந்துவிட்டாள்.

"சதாம் சாட்சிங்க!"

"அவரு உங்க டிரைவரு."

"சந்தையில நூறு பேரு பார்த்தாங்க!"

"எதைப் பார்த்தாங்க? துண்டைத்தான பார்த்தாங்க?"

யமுனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "என் வேலை போனாப் போகட்டுங்க. அந்த மனுசன் வாய் மோசம், இல்லேன்னு சொல்லலீங்க. ஆனா கை சுத்தம். இந்தக் குதிரைக் கயித்தை என் கையிலதான் குடுத்தாங்க."

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அத்தாயி வந்தார். மிளகும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிற, அதிகம் பேசாத அம்மாள். எல்லோரும் வாயை மூடினார்கள். அந்த ஒரு ஓட்டுக்கு இன்று அவ்வளவு மரியாதை.

"தள்ளு கண்ணு" என்று யமுனாவை விலக்கிவிட்டு, குதிரையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். காலைத் தூக்கிக் குளம்பைப் பார்த்தார். காலையிலிருந்து கண்டவர்களையெல்லாம் கடித்த குதிரை, அவர் தோளில் தாடையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றது.

"உங்ககிட்ட மட்டும் அடங்குதுங்களே!" என்றான் சதாம்.

"மலைக்காரி கை, சாமி" என்றார் அத்தாயி. பிறகு திரும்பினார். "ஏனுங்க மாணிக்கம், இது பொதி சுமந்த குதிரை. முதுகுல தழும்பு இருக்குது. சந்தைக்கு வந்ததுதான். வாடகைக்கு விடறதுக்கு இதென்ன கல்யாண ஊர்வலக் குதிரையா?"

"அதுக்கில்லீங்க..."

"எதுக்கில்லீங்க? ஒரு மனுசன் குதிரைய வாங்குனா, ஆள வாங்கிட்டான்னு ஊரெல்லாம் நாறடிக்கறீங்க. இந்தப் புள்ளைய அழ வெக்கறீங்க. பொய் பேசறவங்களோட சேர்ந்து நான் கை தூக்க மாட்டேனுங்க."

மூன்று மணிக்குக் கூட்டம் நடந்தது. தீர்மானத்துக்கு ஆதரவாக நாலு கைகள் உயர்ந்தன. எதிராக ஐந்து. தனபால்கூட, காலோ வாலோ, கையைத் தூக்கிவிட்டார். தீர்மானம் தோற்றது. பட்டாசு வெடித்தது. "பேரமும் நிஜம், குதிரையும் நிஜம்" என்று சந்தோஷ்குமார் புதிய தலைப்புப் போட்டான். விரதம் முடிந்த தலைவர் மைக்கைப் பிடித்துத் தொண்டையைச் செருமினார். யமுனா ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினாள்.

கூட்டம் கலைந்த பிறகு அவள் அலுவலகத்தின் பின்பக்கம் போனாள். குதிரை பலா மரத்தடியில் கட்டிக் கிடந்தது. வேலை தப்பியது. அதைவிட, அவள் நம்பியது பொய்யாகவில்லை. ஒரு கைப்பிடி புல்லைப் பறித்து நீட்டினாள். குதிரை முதல்முறையாக அவளைக் கடிக்காமல் புல்லை மட்டும் கடித்தது.

மலை பஸ் வந்து நின்றது. ராசப்பன் இறங்கி, நேராக வந்து, குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"ஏனுங்க, ஏனுங்க! வித்த குதிரைய அவுக்கறீங்களே?"

ராசப்பன் கையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டே, இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லையே என்பது போல அவளைப் பார்த்தார்.

"குதிரைய யாரு கண்ணு வித்தா? பேரம் முடிஞ்சதுக்கு அடையாளமா மேல அனுப்பி வெச்சதுங்க இது. துண்டுக்குள்ள பேசி முடிச்சது எங்கக்கா அத்தாயியோட ஓட்டைங்க."