அரைமுடி அண்ணாச்சியின் லென்ஸ்

கேமரா லென்ஸைக் கழற்றிப் பூட்டுவதில் போட்டோக்காரர் அரைமுடி அண்ணாச்சியை மிஞ்ச அருப்புக்கோட்டையில் என்ன, கன்னியாகுமரி வரைக்கும் ஆள் கிடையாது. பந்தயம் கட்டுவேன். தலையில் ஒரு முடிகூட இல்லாவிட்டாலும், யார் எடுத்த போட்டோவைப் பார்த்தாலும் "அரை முடி தள்ளிப்போச்சு" என்பார். பெயர் அப்படி வந்தது. சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது.

லென்ஸுக்குள் இருக்கிற கண்ணாடியெல்லாம் ஒரே நேராக நிற்க வேண்டுமாம். ஒன்று இம்மி சாய்ந்தாலும் ஓரத்தில் நிற்கிற ஆள் கரைந்துபோவாராம். வளையம் லொடலொடத்தால் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளை நறுக்கி அடியில் கொடுப்பார். பஸ் குலுக்கலில் திருகு தளரும் என்று லென்ஸைத் துணியில் சுற்றி மடியில் ஏந்தி வருவார். கைக்குழந்தை என்று எட்டிப்பார்த்து ஏமாந்த கண்டக்டர்கள் உண்டு. பாலவனத்தத்துக் கல்யாணம் ஒன்றில் இவர் லென்ஸைச் சரிபார்த்து முடிப்பதற்குள் தாலி கட்டியாயிற்று. மாப்பிள்ளையை இன்னொரு தடவை கட்டச் சொன்னார். அடிவாங்காமல் ஊர் திரும்பியது பெரும்பாடு.

எழுபதுகளின் தொடக்கத்தில் திருச்சுழியில் ஓர் ஆபீஸில் நான் கிளார்க். எங்கள் பியூன் கருப்பையா ரிட்டயரானார். யாருக்குப் பிரிவுபசாரம் நடந்தாலும் குரூப் போட்டோவில் ஓரத்தில் நின்றவர். யார் யாரோ எடுத்த அந்தப் படங்களில் எல்லாம் அவர் முகம் ஈரத்துணியால் துடைத்த மாதிரி இருக்கும்.

"பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட, முகம் தெரியிற மாதிரி ஒண்ணு வேணும் சார்" என்று என்னிடம் கேட்டார். அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொல்லிக் கூட்டி வந்தேன்.

அதிகாரி வழக்கம்போல நடு நாற்காலியில் உட்கார்ந்தார். கருப்பையா வழக்கம்போல ஓரத்துக்குப் போனார். அண்ணாச்சி கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார்.

"அய்யா, இந்த லென்ஸுல நடுவுலதான் தெளிவா விழும். ஓரம் மங்கும். ரிட்டயராகிறவுக நடுவுல உக்காரணும்."

"அப்ப நான்?"

"லென்ஸுக்கு ஆபீசரு, பியூனுன்னு தெரியாதுங்கய்யா."

கண்ணாடி விவகாரத்தில் அவரை எதிர்த்துப் பேச யாருக்குத் துணிச்சல் வரும்? அதிகாரி முணுமுணுத்துக்கொண்டே ஓரத்துக்கு நகர்ந்தார். கருப்பையா நடு நாற்காலியின் நுனியில் கூச்சத்தோடு உட்கார்ந்தார்.

படம் வந்தது. கருப்பையா தன் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓரத்தைப் பார்த்தேன். அதிகாரியின் மீசையில் மை படாமல் தப்பிய இரண்டு நரைகூடப் பளிச்சென்று விழுந்திருந்தது.

"ஏன் அண்ணாச்சி, ஓரம் மங்கும்னீகளே?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என் லென்ஸா மங்கும்?"

ஓரம் மங்கும் என்றாரே, லென்ஸைப் பற்றி அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். அந்தப் பொய்க்காகவே அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.